அடையாற்றங்கரையில் காற்று வாங்கியவர்கள்

மாலை வேளையில் கடற்கரையை நோக்கி நடக்கும் சென்னைவாசி ஒருவரை நிறுத்தி, எங்கே புறப்பட்டீர்கள் என்று கேட்டால், கடலைப் பார்க்கப் போகிறேன் என்றோ, நீந்தப் போகிறேன் என்றோ அவர் பெரும்பாலும் சொல்வதில்லை. காற்று வாங்கப் போகிறேன் என்றுதான் சொல்வார். விலை கொடாமல் வாங்கக்கூடிய பொருள்களுள் முதன்மையானது காற்று என்று கருதிய நம் முன்னோர், கடற்கரையின் இன்பம் முழுவதையும் அந்த ஒரு சொற்றொடரில் அடக்கிவிட்டனர் என்றே எனக்குத் தோன்றுகிறது. கடலில் இறங்குவது நமக்கு வேறொரு காரியம். அது நீராட்டு, தீர்த்தம், புண்ணியம். ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் மயிலையில் பூம்பாவையை உயிர்ப்பிக்கப் பாடியதாகச் சைவர்கள் போற்றும் பதிகம், மயிலையின் திருவிழாக்களை மாத வரிசையில் சொல்லி வருகையில், மாசி மாதத்துக் கடலாட்டு விழாவையும் குறிப்பிடுகிறது. ஆகவே, உல்லாசத்துக்காகக் கடற்கரையை நாடும் வழக்கம் ஐரோப்பியர் கொணர்ந்தது என்று சொல்பவர்கள் பாதி உண்மையையே சொல்கிறார்கள். அவர்கள் கொணர்ந்தது வீடு கட்டிக்கொண்டு கரையைச் சொந்தமாக்கிக்கொள்ளும் வழக்கம். ஊர் முழுதும் கூடிக் கடலுக்குப் போகும் வழக்கம் அவர்களுக்கு ஆயிரம் ஆண்டுகள் முந்தியது.

இவ்விரு வழக்கங்களும் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கும் இடம் சென்னையில் ஒன்று உண்டு. மயிலாப்பூருக்குத் தெற்கே, மந்தைவெளியைத் தாண்டி, அடையாறு கடலோடு கலக்கும் கழிமுகத்தின் வடகரையில் பரந்துள்ள ராஜா அண்ணாமலைபுரமே அது. இன்று அங்கே எம்.ஆர்.சி. நகரின் உயர்ந்த மாடங்களையும், செட்டிநாட்டு அரண்மனையின் மதிலையும், கல்யாண மண்டபங்களையும், பதினெட்டுப் படிகளோடு கூடிய ஐயப்பன் கோயிலையும் காண்பவர்கள், இப்பிரதேசம் சில தலைமுறைகளுக்கு முன்புவரை சேறும் மணலும் உப்புநீருமாகக் கிடந்தது என்பதை எளிதில் நம்பமாட்டார்கள். ஆயினும் இவ்வூரின் சரித்திரத்தை எழுதப் புகுபவன் வீதிகளிலிருந்து தொடங்கினால் வழி தவறிவிடுவான். ஆற்றின் வாயிலிருந்துதான் தொடங்கவேண்டும்.

அடையாறு பெரிய நதியன்று. தாம்பரத்துக்கு மேற்கே ஆதனூர்ப் பக்கத்து ஏரிகளின் உபரிநீரையும், செம்பரம்பாக்கம் ஏரியின் கலங்கல் நீரையும் வாங்கிக்கொண்டு, ஏறத்தாழ 42 கிலோமீட்டர் மட்டுமே ஓடிக் கடலை அடைவது. மழைக்காலத்து இரண்டு மூன்று மாதங்கள் தவிர மற்ற நாட்களில் அதற்குக் கடலைத் தள்ளிக்கொண்டு போகும் வலிமை கிடையாது. சோழமண்டலக் கரையிலோ, ஆண்டின் பெரும்பகுதியில் அலைகள் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி மணலை இடைவிடாமல் நகர்த்திக்கொண்டிருக்கின்றன. ஆற்றின் வேகம் தளர்ந்ததும் அந்த மணல் முகத்துவாரத்தின் குறுக்கே திட்டாகப் படிந்து வாயை அடைத்துவிடும். அடைபட்ட நீர் பின்வாங்கிப் பரந்து உப்பங்கழியாகும். ஐப்பசி கார்த்திகையில் வெள்ளம் வந்து திட்டை உடைக்கும். தை மாசிக்குப் பிறகு மறுபடியும் மணல் சேரத் தொடங்கும். வாய் திறந்திருக்கும் காலத்தில் நாளொன்றுக்கு இருமுறை, ஏறத்தாழ ஒரு மீட்டர் அளவே உயர்ந்து தாழும் கடலேற்றம், உள்ளே வந்து சேற்றைக் கழுவி மீன்குஞ்சுகளை விட்டுப் போகும். ஆற்றின் பிரதான ஓட்டத்திலிருந்து வடக்கே பிரிந்து வளைந்து செல்லும் கழியொன்றும் உண்டு. அக்கழிக்கும் ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவே அகப்பட்ட நிலமே ஆங்கிலேயரின் ஏடுகளில் குயிபிள் தீவு என்று பேர் பெற்றது. ராஜா அண்ணாமலைபுரத்தின் கீழ்ப்பகுதி இந்தத் தீவையும் கழியையும் ஒட்டியே எழுந்தது.

காற்றின் கணக்கையும் இங்கே சொல்லிவிடவேண்டும். கோடையில் நிலம் கடலைவிட விரைவில் சூடேறி, அதன்மேல் உள்ள காற்று இலேசாகி எழ, அவ்விடத்தை நிரப்பக் கடலின் குளிர்ந்த காற்று உட்புகுகிறது. சித்திரை வைகாசியில் இது நண்பகலை ஒட்டி வந்துவிட்டால் அன்றைய வெப்பம் தணிந்துவிடும். மேல்காற்று வலுத்து இதனைத் தடுத்து நிறுத்திவிட்டாலோ பிற்பகல் மூன்று மணிக்கும் ஊர் வெந்துகொண்டிருக்கும். கடற்காற்று முதலில் தொடுவது கரையை. திறந்த நீர்ப்பரப்பும் தடையற்ற வெளியும் கொண்ட ஆற்றுவாய் அதற்கு இயற்கை அமைத்த வாசல். அந்த வாசலில் வீடு கட்டிக்கொள்பவன் நகரத்தின் உள்ளே இருப்பவனுக்கு முன்னதாகக் காற்றை வாங்கிக்கொள்கிறான். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், கோட்டையின் நெருக்கத்தை விட்டு வெளியே வந்து தோட்ட வீடுகள் கட்டிக்கொள்ளத் துணிந்த கும்பெனி உத்தியோகஸ்தர்கள் அடையாற்றங்கரையைத் தேடிப் பிடித்ததற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை.

ஆனால் அந்தத் துணிவு அவர்களுக்கு வந்தது எப்படி? அதற்கு விடையும் இந்த ஆற்றுவாயிலேயே கிடைக்கிறது. 1746-ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைக் கைப்பற்றியபோது, அதனைத் தம்மிடம் ஒப்படைப்பார்கள் என்று எதிர்பார்த்திருந்த ஆர்க்காட்டு நவாப் அன்வருத்தீன் கான், அந்த நம்பிக்கை பொய்த்ததும், தம் மகன் மாபூஸ் கானின் தலைமையில் ஏறத்தாழப் பத்தாயிரம் பேர் கொண்ட சேனையை அனுப்பினார். புதுச்சேரியிலிருந்து பாரடி என்னும் சுவிட்சர்லாந்துக்காரர் சில நூறு ஐரோப்பிய வீரர்களோடும் எழுநூறு சிப்பாய்களோடும் கடற்கரை வழியாக வடக்கே வந்தார். அடையாற்றின் வடகரையில், சாந்தோமுக்குத் தெற்கே, இக்கழிமுகத்தில் நவாபின் படை பீரங்கிகளோடு வழிமறித்து நின்றது. மழைக்காலத்து ஆற்றில் இறங்கிக் கடந்து, கரையேறியதும் அணி குலையாமல் ஒரே வீச்சாகச் சுட்டு, துப்பாக்கி முனைக் கத்தியோடு பாய்ந்த அச்சிறு படையின் முன்னே பத்துப் பங்கு பெரிய சேனை சிதறிச் சாந்தோமின் தெருக்களுக்குள் ஓடியது. புதுச்சேரியில் பிரெஞ்சுக் கவர்னர் துய்ப்ளேக்குத் துபாஷியாய் விளங்கவிருந்த ஆனந்தரங்கப் பிள்ளை அவ்வாண்டின் நிகழ்ச்சிகளை நாள்தோறும் எழுதிவந்த தினசரி, இக்காலத்து மனிதர்களின் பேச்சையும் பதற்றத்தையும் இன்றும் நமக்குக் காட்டுகிறது.

இச்சண்டையில் இறந்தவர்கள் அதிகமில்லை. ஆயினும், ஒழுங்காகப் பயிற்றப்பட்ட சிறு காலாட்படை, குதிரையும் யானையும் நிறைந்த இந்நாட்டுப் பெருஞ்சேனையை வெல்லக்கூடும் என்னும் எண்ணம் ஐரோப்பியர் உள்ளத்தில் உறுதியானது இங்கேதான் என்று சரித்திர ஆசிரியர்கள் கருதுகிறார்கள். அதன்பின் நடந்த கர்நாடக யுத்தங்களும், அவற்றின் முடிவில் கும்பெனி பெற்ற அதிகாரமும் தெரிந்தவையே. இத்தனை பெரிய மாறுதலின் தொடக்கத்தைக் குறிக்க அக்கரையில் ஒரு கல்லாவது நட்டிருக்கலாகாதா என்று நான் பலமுறை ஏங்கியிருக்கிறேன்.

அந்தச் சண்டை நடந்து சரியாக அரை நூற்றாண்டு கழித்து, 1796-இல், குயிபிள் தீவின் பக்கத்தில் கும்பெனி உத்தியோகஸ்தர் ஜேம்ஸ் பிராடி என்பவர் பதினொரு ஏக்கர் நிலத்தில் ஒரு மாளிகையை எழுப்பத் தொடங்கினார். ஸ்காட்லாந்துக் கோட்டைகளைப் போல முகப்பில் வட்டக் கொத்தளங்களும், மேல்மாடியிலிருந்து ஆற்றைப் பார்க்கும் பெரிய சாளரங்களும் கொண்ட வெண்மையான கட்டிடம் அது. பிராடியின் கோட்டை என்றே அதற்குப் பெயர் நிலைத்தது. மயிலாப்பூரிலிருந்து அதற்குச் சென்ற வழிக்கும் பிராடிஸ் ரோடு என்று பெயராயிற்று. அவ்வழியே இன்று இராமகிருஷ்ண மடம் சாலையின் தென்பகுதியாக வழங்குகிறது. எந்த ஆற்றின் காற்றுக்காக அவர் அம்மாளிகையைக் கட்டினாரோ, அதே ஆற்றில் படகு கவிழ்ந்து ஒரு சில ஆண்டுகளுக்குள்ளாகவே பிராடி மூழ்கி இறந்தார்.

கைகள் பல மாறி அம்மாளிகை கடைசியில் சர்க்காருக்கு வந்தது. 1949-இல் முசிரி சுப்பிரமணிய ஐயரை முதல்வராகக் கொண்டு தொடங்கப்பட்ட அரசினர் கர்நாடக இசைக் கல்லூரி, பின்னர் இங்கே குடியேறியது; 2013-இல் நிறுவப்பட்ட இசை, கவின்கலைப் பல்கலைக்கழகத்துக்கும் இதுவே இருப்பிடமாயிற்று. கட்டிடத்துக்குத் தமிழில் இட்ட பெயர் ‘தென்றல்’. யார் மனத்தில் உதித்த பெயரோ, அதைவிடப் பொருத்தமான பெயர் கிடைத்திருக்க முடியாது. வடக்கத்திய நாட்டுக் கோட்டையின் உருவத்தில் எழுந்த ஒரு வீடு, இருநூறு ஆண்டுகள் காற்றையே உண்டு வாழ்ந்து, முடிவில் அக்காற்றின் தமிழ்ப் பெயரையே ஏற்றுக்கொண்டது. அந்த மேல்மாடிச் சாளரங்களின் கீழே வீணையும் வாய்ப்பாட்டும் பயிலும் பிள்ளைகள் பிராடியைப் பற்றி அறிந்திருக்கவேண்டிய அவசியமில்லை. அவர் தேடிய சுகத்தை அவர்கள்தாம் முழுமையாகப் பெற்றிருக்கிறார்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இக்கரையின் செல்வாக்கு ஏறியும் இறங்கியும் வந்திருக்கிறது. எல்பின்ஸ்டன் பிரபு கவர்னராயிருந்த காலத்தில், 1840-இல், அவர் பெயரால் அடையாற்றுக்குப் பாலம் போடப்பட்டது. 1867-இல் தோன்றிய மெட்ராஸ் போட் கிளப் ஆற்றில் துடுப்பு வலிக்கும் பந்தயங்களை வளர்த்தது. இன்று அந்த ஆற்றுநீரின் நிறத்தையும் நாற்றத்தையும் அறிந்தவர்களுக்கு அது கற்பனைக் கதைபோல் இருக்கும். ஆனால் 1870-ஐ ஒட்டி உதகமண்டலம் கவர்னர்களின் கோடைத் தலைநகராகியது. மேட்டுப்பாளையம் வரையில் ரயில் சென்றது. மலைக்காற்று கைக்கெட்டியவுடன் கடற்காற்றின் மதிப்புக் குறைந்து, ஆற்றங்கரைத் தோட்ட வீடுகள் சகாய விலைக்கு வந்தன. பிரம்மஞான சபையின் தலைவர் கர்னல் ஆல்காட், 1882-இல் தென்கரையில் ஹடில்ஸ்டன் தோட்டத்தின் 27 ஏக்கரை வாங்க முடிந்ததற்கு இதுவே காரணம் என்று தாமே எழுதி வைத்திருக்கிறார். நீலகிரிக்குப் போன ரயிலால் அடையாற்றுக்கு ஒரு சோலை கிடைத்தது என்று சொன்னால் அது மிகையாகாது. அந்த 27 ஏக்கர் பின்னர் ஏறத்தாழப் பத்து மடங்காக விரிந்து, ஆலமரமும் தோப்பும் பறவைகளுமாய் இன்றுவரை கழிமுகத்தின் தென்கரையைக் காத்து நிற்கிறது. அந்த முதிய ஆலின் தாய்மரம் 1989-இல் புயற்காற்றில் சாய்ந்துவிட்டாலும், விழுதுகள் தழைத்து நிற்கின்றன.

சென்னையின் கடற்கரை என்றவுடன் மெரினாவையே நினைப்பவர்கள், அதுவும் இந்த மணலின் கதைதான் என்பதை அறிதல் வேண்டும். 1870-களின் நடுவில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கற்சுவர்கள் போடத் தொடங்கியதும், வடக்கே போய்க்கொண்டிருந்த மணல் அச்சுவரில் தடைப்பட்டுத் தெற்கே சேரத் தொடங்கியது. சாலையை ஒட்டி அலையடித்துக்கொண்டிருந்த குறுகிய கரை ஆண்டுக்காண்டு அகன்றது. துறைமுகத்துக்கு வடக்கே ராயபுரப் பக்கத்துக் கரையோ அரிபட்டது. அகன்ற கரையின் அழகைக் கண்ட கவர்னர் கிராண்ட் டப், 1884-இல் அங்கே உலாவும் பாதை அமைத்து, சிசிலித் தீவில் தாம் கண்ட கரையின் நினைவாக மெரினா என்று பெயரிட்டார். கோட்டைப் பக்கத்திலிருந்து தெற்கே நீண்டு வரும் அம்மணற்பரப்பு பட்டினப்பாக்கத்தில், அடையாற்று வாயின் வடகரையில் முடிகிறது.

ஆற்றுக்குத் தெற்கே தொடங்குவது எலியட்ஸ் கடற்கரை. சென்னையில் மாஜிஸ்திரேட்டாகவும் போலீஸ் சூப்பிரண்டாகவும் இருந்த எட்வர்ட் எலியட்டின் பெயரைத் தாங்கிய இக்கரை, சுதந்திரத்துக்கு முன்பு ஐரோப்பியர் மிகுதியாக நாடிய இடம். அங்கே மணல்மீது தனித்து நிற்கும் வெள்ளை வளைவுக் கட்டிடத்தைச் சினிமாப் படங்களில் பார்த்திராத தமிழர் இரார். அது எதற்காக நிற்கிறது என்று அறிந்தவர்களோ மிகச் சிலர். 1930-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் தேதி, அலையில் அகப்பட்டுத் தவித்தவர்களைக் காப்பாற்றப் போய்த் தாம் மூழ்கி இறந்த ஷ்மித் என்னும் டென்மார்க் தேசத்தவரின் நினைவுச் சின்னம் அது. ஆற்றிலே பிராடியும் கடலிலே ஷ்மித்தும், ஒன்றரைக் கல் தொலைவுக்குள், உல்லாசத்தின் கரையில் உயிரை விட்டிருக்கிறார்கள். இவ்விருவருக்கும் இடையே கணக்கில் வராமல் மூழ்கிய செம்படவர்களுக்குச் சின்னம் எதுவும் கிடையாது.

இனி, ஊரின் பெயருக்கு வருவோம். கானாடுகாத்தானில் 1881-இல் பிறந்து, சிதம்பரத்தில் 1929-இல் பல்கலைக்கழகம் கண்டு, ராஜா பட்டம் பெற்று, 1943-இல் தமிழிசைச் சங்கத்தைத் தோற்றுவித்து, 1948-இல் மறைந்த அண்ணாமலை செட்டியாரின் பெயரே இவ்வூருக்கு வழங்குகிறது. அவர் குடும்பத்தினரின் அரண்மனை கழிமுகத்தைப் பார்த்து நிற்கிறது. கும்பெனிக்காரர்கள் விட்டுச் சென்ற ஆற்றங்கரையைத் தனவணிகர் ஏற்றுக்கொண்டனர் என்பது மட்டுமே இதன் பொருளன்று. தமிழில் பாடுங்கள் என்று கேட்டு ஓர் இயக்கமே நடத்தியவரின் பெயரைக் கொண்ட ஊரின் எல்லையில், பிராடியின் வீடு இசைக் கல்லூரியாகியது. யாரும் திட்டமிட்டுச் செய்த பொருத்தமில்லை இது. ஆயினும் என் உள்ளத்துக்கு மிகவும் உகந்தது.

இவ்வூரின் மேற்கே ஓடுவது பக்கிங்ஹாம் கால்வாய். 1876 முதல் 1878 வரை சென்னை ராஜதானியை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தில், கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் எட்டுக் கிலோமீட்டர்த் துண்டைப் பசித்தவர்களின் கைகளே வெட்டின. அவர்களுக்குக் கூலி கொடுத்த சர்க்கார், கால்வாய்க்குக் கவர்னரின் பெயரைச் சூட்டியது. விறகும் உப்பும் நெல்லும் ஏற்றிய படகுகள் சென்ற அந்நீர்வழியின்மேல் இன்று பறக்கும் ரயிலின் தூண்கள் நிற்கின்றன. மந்தைவெளியிலும் பசுமைவழிச் சாலையிலும் ரயிலுக்காகக் காத்திருப்பவர்கள் குனிந்து பார்த்தால் தெரிவது, பஞ்சத்தில் மெலிந்தவர்கள் வெட்டிய பள்ளம். அதைச் சாக்கடை என்று அழைக்க என் நா எழுவதில்லை.

கழிமுகத்தின் அண்மைக்கால வரலாறு தூர்ப்பதன் வரலாறாகவே பெரிதும் அமைந்துவிட்டது. இடிபாடுகளும் குப்பையும் கொட்டிக் கொட்டி, கழியின் ஓரங்கள் மனைகளாயின. 1991-ஆம் ஆண்டு பிப்ரவரியில் மத்திய சர்க்கார் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையை வெளியிட்ட பிறகே, நீரேற்றம் எட்டும் நிலம் யாருடைய மனையும் ஆகாது என்னும் கொள்கைக்குச் சட்டத்தின் பலம் வந்தது. கழியும் கழிமுகமும் சேர்ந்த 358 ஏக்கரில் 58 ஏக்கரைக் குப்பையகற்றி, நீரோட்டம் அமைத்து, கரையோரத்துக்குரிய மரஞ்செடிகளை நட்டு, 2011-ஆம் ஆண்டு ஜனவரியில் தொல்காப்பியப் பூங்கா என்று திறந்தார்கள். மணலும் கழியும் சார்ந்த நிலத்தை நெய்தல் என்று வகுத்த இலக்கண ஆசிரியரின் பெயரை, நெய்தல் நிலத்தின் எஞ்சிய துண்டொன்றுக்கு இட்டது நன்று. காலையில் அங்கே நடப்பவர்கள் நாரையையும் கொக்கையும் நீர்க்காகத்தையும் இன்றும் காணலாம்.

பட்டினப்பாக்கத்துக்கும் ஆற்றுவாய்க்கும் நடுவே சீனிவாசபுரமும் முள்ளிக்குப்பமும் இருக்கின்றன. எதிர்க்கரையில் ஊரூர் ஆல்காட் குப்பம். இவ்விரு கரை மீனவரும் கால்நடையாய்க் கடந்து செல்ல 1967-இல் ஆற்றுவாயில் கட்டிய பாலம், பத்தாண்டுகளுக்குள், 1977-இல், வெள்ளத்தில் முறிந்தது, மறுபடியும் கட்டுவாரில்லை. உடைந்த பாலம் என்ற பெயரோடு அது நகரத்து இளைஞர்களுக்கு வேடிக்கை இடமாகிவிட்டது. எதிர்க்கரைச் சொந்தக்காரர் வீட்டுக்குத் திரு.வி.க. பாலம் வரை சுற்றிக்கொண்டு போகும் குப்பத்துக் கிழவிக்கு அது வேடிக்கையாக இருக்கமுடியாது. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை முதலில் புகுந்தது இவர்கள் வீடுகளில். 2015-ஆம் ஆண்டு டிசம்பரில் செம்பரம்பாக்கத்திலிருந்து திறந்துவிட்ட நீர் ஆற்றை நிறைத்தபோதோ, கரையோரத்து எளியவரும் செல்வரும் ஒருங்கே ஆற்றின் பழைய எல்லையை அறிந்துகொண்டனர். நவாபின் சேனையை எதிர்த்துப் பாரடி கடந்த ஆறு இதுதான். அது தன் அகலத்தை மறந்ததில்லை.

2013-இல் எம்.ஆர்.சி. நகரின் கடலோரத்தில், செட்டிநாட்டுக் கட்டிடக்கலையைத் தழுவி எழுந்த லீலா பேலஸ் என்னும் பெரிய ஹோட்டல் திறக்கப்பட்டது. அங்கே அறை எடுப்பவருக்குச் சாளரத்தின் வழியே வங்கக்கடல் முழுதும் தெரியும். அவ்விடுதியின் மதிலுக்கு அப்பால், நடந்தே போகும் தூரத்தில், கட்டுமரங்களின் வாரிசுகளான கண்ணாடியிழைப் படகுகள் மணலில் கிடக்க, வலை பிரிக்கும் பெண்களுக்கும் அதே கடல் தெரிகிறது, அதே காற்று வீசுகிறது. இவ்வளவு வீடுகள் எழுந்த பின்பும் அந்தக் காற்றின் முதல் வீச்சு அவர்களுக்கே கிடைக்கிறது என்பதில் எனக்கு உண்டாகும் மகிழ்ச்சியை மறைக்கவேண்டியதில்லை.

வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாக, சர்க்காரின் மண்வாரி இயந்திரங்கள் முகத்துவாரத்து மணல் திட்டை வெட்டி வழிவிடுவது இப்போது வழக்கமாகியிருக்கிறது. சென்ற ஐப்பசியில் ஒரு மாலை உடைந்த பாலத்தருகே நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்டிய கால்வாயின் வழியே முதலில் ஒரு முழ அகலத்துக்குக் கறுத்த நீர் கசிந்து, பின் விரிந்து, பொழுது சாய்வதற்குள் இரு பக்கத்துக் கரைகளையும் இடித்துக்கொண்டு ஓடிற்று. ஏற்றம் தொடங்கியதும் அதே வழியாகத் தெளிந்த கடல்நீர் உள்ளே திரும்பியது. அதுவரை கரையில் சும்மா குந்தியிருந்த முதியவர் ஒருவர், மடித்து வைத்திருந்த வீச்சுவலையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, இடுப்பளவு நீரில் இறங்கினார்.